துப்பாக்கியை உள்ளே கொண்டுவராதே

1893 டிசம்பர். சைபீரியாவுக்கு வடக்கே, உறைந்த கடலில் ‘ஃபிராம்’ என்ற நார்வேக் கப்பல் அசையாமல் நிற்கிறது. தெரிந்தே சிக்கவைத்த கப்பல் அது. பனிப்பாளங்களோடு மிதந்தே வடதுருவத்தை நெருங்கிவிடலாம் என்பது பயணத் தலைவர் ஃபிரிட்யோஃப் நான்சன் போட்ட கணக்கு. சூரியன் தலைகாட்டாத மாதம். அந்த இருட்டில் ஒரு பனிக்கரடி கப்பலேறி, கட்டிப்போட்டிருந்த நாய்களை இழுத்துக்கொண்டு போய்விட்டது. நாய்களைக் காணோமே என்று லாந்தரோடு தேடிப்போன மாலுமி பீட்டர் ஹென்றிக்சனின் விலாவைக் கரடி கவ்வியது. கையில் இருந்த லாந்தரால் அதன் மண்டையில் ஓங்கி ஒரு போடு போட்டார். பிடி விட்டது. அடித்துப் பிடித்துக் கப்பலுக்கு ஓடிவந்தார்.

அடுத்து நடந்ததுதான் நமக்கு வேண்டிய பகுதி. மேல்தளத்தில் ஆட்கள் துப்பாக்கிகளோடு கூடிவிட்டார்கள். கரடி கப்பலின் காலடியில், ஏறக்குறைய கைக்கெட்டும் தூரத்தில், இன்னொரு நாயைக் கடித்துக் குதறிக்கொண்டிருக்கிறது. சுடு, சுடு என்று கத்தல். ஒருவருடைய குழலுக்குள் சணல்நார் திணிக்கப்பட்டிருந்தது. ஈரம் புகாமல் இருக்க அவரே பத்திரமாக அடைத்துவைத்தது, இப்போது வெளியே வர மறுக்கிறது. இன்னொருவர் விசையை இழுக்கிறார், இழுத்துக்கொண்டே இருக்கிறார். ‘க்ளிக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கிறது. துருப்பிடிக்காமல் இருக்கப் பூசிய வாசலின் உள்ளே கல்லாக உறைந்திருந்தது. கடைசியில் ஏதோ ஒரு துப்பாக்கி வெடித்ததால் கதை முடிந்தது.

இத்தனைக்கும் அவை நல்ல துப்பாக்கிகள். அக்கறையோடு துடைத்து, எண்ணெயிட்டு, அடைத்து வைக்கப்பட்டவை. நார்வேயின் ஈரக் கடற்கரையில் அந்த அக்கறைதான் துப்பாக்கியைக் காப்பாற்றும். துருவ இரவில் அதே அக்கறை அதைக் கொன்றுவிட்டது. பனியில் எந்தத் துப்பாக்கி நம்பகமானது என்று ஒன்றரை நூற்றாண்டாக வேட்டைக்காரர்களும் ராணுவங்களும் கம்பெனிகளும் விவாதித்துவருகிறார்கள். அந்த விவாதத்தில் துப்பாக்கியின் பெயர் பேசப்பட்ட அளவுக்கு அதை வைத்திருப்பவரின் பழக்கம் பேசப்படவே இல்லை. பெயர் இரும்பில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பழக்கத்தை எங்கே பொறிப்பது?

விஷயம் என்னவோ எளியதுதான். விசையை இழுத்ததும் ஒரு ஸ்பிரிங் விடுபட்டு, ஊசி ஒன்று முன்னால் பாய்ந்து, தோட்டாவின் அடியிலுள்ள பிரைமரை அடிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் வெடிக்கும், தட்டினால் வெடிக்காது. மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நம் ஊரில் இருபது டிகிரியில் தேங்காயெண்ணெய்க்கு நேர்வது, மைனஸ் முப்பது நாற்பதில் சாதாரணத் துப்பாக்கி எண்ணெய்க்கு நேர்கிறது. ஊசி அந்தப் பிசினுக்குள் நீந்திப் போகிறது. பிரைமரில் ஒரு சிறு பள்ளம் விழுகிறது, அவ்வளவுதான்.

மற்றவை இதைவிடச் சில்லறைத் தொல்லைகள். குழலின் வாயில் பனி அடைத்துக்கொண்டது தெரியாமல் சுட்டால் குழல் உப்பும், சில வேளை பிளக்கும். அதனால்தான் வடக்கத்திய வேட்டைக்காரர்கள் குழல் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொள்கிறார்கள். குண்டுக்கு முன்னால் வரும் காற்றே டேப்பைத் தள்ளிவிடும். கடுங்குளிரில் வெடிமருந்து கொஞ்சம் மந்தமாக எரிவதால் குண்டு வேகம் குறைந்து, தொலைவில் தாழ்ந்து விழும். மூச்சுக்காற்று பட்டால் தொலைநோக்கிக் கண்ணாடியில் பனிப்படலம் படியும். கையுறை போட்ட விரல் விசைக்காப்பு வளையத்துக்குள் நுழையாது. கையுறையைக் கழற்றினால் தோல் இரும்பில் ஒட்டிக்கொள்ளும்.

இவற்றையெல்லாம்விடப் பொல்லாதது ஒன்று உண்டு. அது வெளியே நேர்வதில்லை, வீட்டுக்குள் நேர்கிறது.

நாள் முழுக்கக் குளிரில் கிடந்த துப்பாக்கியை வேட்டை முடிந்து கதகதப்பான இடத்துக்குள் கொண்டுவந்தால், உள்ளேயிருக்கும் காற்றின் ஈரம் முழுதும் அந்தக் குளிர்ந்த இரும்பைத் தேடிவந்து படியும். குழலின் வெளிப்புறம் வியர்ப்பது கண்ணுக்குத் தெரியும், துணியால் துடைத்துவிடலாம். தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டுக்குள், ஸ்பிரிங்கின் சுருள்களுக்கிடையில், விசைப்பொறியின் சந்துகளில் வியர்ப்பது தெரியாது. மறுநாள் காலையில் அதே துப்பாக்கியை வெளியே கொண்டுபோனால் அத்தனை வியர்வையும் பனிக்கட்டி. கனடாவின் வடகோடியில் வாழும் இனுயிட் மக்கள் கடல்நாய் எண்ணெய் விளக்கு எரியும் பனிவீடுகளில் குளிர்காலத்தைக் கழித்தவர்கள். விளக்கின் ஆவியும் ஆட்களின் மூச்சும் சேர்ந்த அந்த ஈரக் காற்றில் ஓர் இரும்புக் கருவியை வைத்தால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எந்தக் கையேட்டையும் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. துப்பாக்கியை உறையிட்டு வெளியிலேயே, பனிவண்டியிலேயே விட்டுவிட்டார்கள். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தெடுத்து, உலர்ந்த இரும்பாகவே பயன்படுத்தினார்கள். துருவ வேட்டையின் துப்பாக்கி இலக்கணம் முழுவதும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடும்: எண்ணெய் கூடாது, உள்ளே கொண்டுவரக் கூடாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹட்சன் விரிகுடாப் பக்கம் வந்த ஸ்காட்லாந்து, அமெரிக்கத் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் மூலமாகத்தான் ரைஃபிள்கள் பெருமளவில் இனுயிட் மக்கள் கைக்கு வந்தன. பிறகு நரித்தோல் வாங்க வந்த வணிக நிலையங்கள் மூலமாக. அந்த வரவு நல்லதை மட்டும் செய்தது என்று சொல்ல முடியாது. கஸ்தூரி எருதுகள் தோலுக்காகச் சுட்டுத் தள்ளப்பட்டு, 1917இல் கனடா அரசு அவற்றை வேட்டையாடத் தடைவிதிக்கும் நிலை வந்தது. ஆனால் ஈட்டியை அவர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோடையில் உடற்கொழுப்பு குறைந்த கடல்நாயைத் தண்ணீரில் சுட்டால் அது மூழ்கிவிடும். கயிறு கட்டிய எறியீட்டி இல்லாமல் குண்டு மட்டும் இருந்து பயனில்லை. புதிய கருவியைப் பழைய கருவியோடு சேர்த்து, தங்கள் தட்பவெப்பத்துக்குப் பழக்கி எடுத்துக்கொண்டார்கள்.

இனி இரும்பின் கதை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கனடா தனக்கென ஒரு ரைஃபிள் வேண்டும் என்று விரும்பியது. ஸ்காட்லாந்துப் பிரபு சர் சார்லஸ் ராஸ் வடிவமைத்து, கியூபெக் நகரில் உற்பத்தியான ராஸ் ரைஃபிள் அப்படி வந்தது. குறிபார்த்துச் சுடும் போட்டிகளில் அதை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. போல்ட்டைத் திருப்ப வேண்டாம், நேராக இழுத்து நேராகத் தள்ளினால் போதும். எல்லா உறுப்புகளும் கச்சிதமாகப் பொருந்தும். அமைச்சர் சாம் ஹியூஸ் அதற்காக மார்தட்டினார். 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில், சேற்றிலும் தொடர்ந்து சுட்ட சூட்டிலும், அந்தக் கச்சிதமே எமனாக வந்தது. தோட்டாக்கள் அளவில் மயிரிழை கூடினாலும் உள்ளே இறுகிக்கொண்டன. போல்ட்டைப் பூட்ஸ் காலால் உதைத்துத் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கனடிய வீரர்கள் தங்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு, இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரர்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டார்கள். 1916இல் அரசாங்கமே அந்த முடிவுக்கு வந்தது. மறைந்திருந்து குறிபார்த்துச் சுடுபவர்கள் மட்டும் ராஸை விடவில்லை. சுத்தமாக வைத்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் இருந்தது, குறி தவறாத துப்பாக்கி அவர்களுக்குத் தேவையாகவும் இருந்தது.

சேறும் பனியும் வேறு வேறுதான். இரண்டும் துப்பாக்கியிடம் கேட்கும் கேள்வி ஒன்று: உனக்குள் வேண்டாதது புகுந்தால் அதற்கு இடம் இருக்கிறதா? லீ-என்ஃபீல்டில் இடம் இருந்தது. அதன் போல்ட் கொஞ்சம் ‘லொட லொட’ என்றிருக்கும். கடையில் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அது குறையாகத்தான் படும். போல்ட்டைப் பூட்டும் திமில்கள் பின்பக்கம் இருப்பதால், முன்பக்கத்துச் சந்துகளில் பனி அடைத்துக்கொண்டு போல்ட் மூடாமல் போகும் தொல்லை குறைவு. அதன் .303 தோட்டா விளிம்பு வைத்தது, அடியிலிருந்து நுனிவரை சற்றே குறுகிக்கொண்டு போவது. சுட்டபின் கூடு சிக்காமல் கழன்றுவரும். விசைப்பொறி இரண்டு மூன்று நெம்புகோல்களில் முடிந்துவிடும். இதை யோசித்த ஜேம்ஸ் பாரிஸ் லீ 1831இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவின் கால்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். சொந்த நாட்டுத் துப்பாக்கி வேண்டும் என்று ராஸுக்குப் பின்னால் ஓடிய கனடா, கடைசியில் தன் ஊரில் வளர்ந்த பையனின் துப்பாக்கிக்கே வந்து சேர்ந்தது.

அந்த .303ஐ நமக்குத் தெரியும். மேற்கு வங்கத்து இஷாப்பூர் ஆலையில் செய்யப்பட்டு, ‘த்ரீ நாட் த்ரீ’ என்ற பெயரில் தமிழ்நாட்டுக் காவலர்களின் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கியது. தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலில் நின்ற காவலரிடம் பார்த்திருப்போம். உத்தரப் பிரதேசக் காவல்துறை அதற்கு விடைகொடுத்தது 2020 ஜனவரியில்தான். நமக்கு அது பழைய சாமான், அரசாங்கம் மாற்றாமல் வைத்திருந்த ஓட்டை உடைசல். அதே குடும்பத்துத் துப்பாக்கி இன்னொரு அட்சரேகையில் வேறு மரியாதையோடு வாழ்ந்துகொண்டிருந்தது. அங்கே போவதற்கு முன் பின்லாந்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

1939 நவம்பர் 30 முதல் 1940 மார்ச் 13 வரை நடந்த குளிர்காலப் போரில், சோவியத் படையிடமும் பின்லாந்துப் படையிடமும் இருந்தவை பெரும்பாலும் ஒரே வம்சத்துத் துப்பாக்கிகள்: 1891இல் ரஷ்யாவில் பிறந்த மோசின்-நாகந்த். கொல்லா போர்முனையில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைச் சுட்டதாகச் சொல்லப்படும் சிமோ ஹய்ஹா ஒரு விவசாயி, வேட்டைக்காரர். அவர் கையில் இருந்தது எம்/28-30 என்ற பின்லாந்துப் பதிப்பு. பழைய ரஷ்யத் துப்பாக்கியின் பொறியை வைத்துக்கொண்டு, குழலையும் குறியையும் சீராக்கிய வேலை. தொலைநோக்கிக் குறியை அவர் பயன்படுத்தவில்லை. கண்ணாடி பனிமூடும், வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுக்கும், அதில் பார்க்கத் தலையை உயர்த்த வேண்டியிருக்கும். குழல் வாய்க்கு முன்னாலுள்ள பனியைத் தட்டி இறுக்கிவைப்பார், சுடும்போது பனித்தூள் கிளம்பக் கூடாது என்று. மூச்சு ஆவியாகத் தெரியாமலிருக்க வாயில் பனியை அடக்கிக்கொள்வார். இவற்றில் எதுவும் துப்பாக்கியின் சிறப்பு அல்ல. எதிர்த்தரப்பில் இருந்த சோவியத் வீரனுக்கும் அதே மோசின் இருந்தது. தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட பலருக்குப் பனியோடு பரிச்சயம்தான் இல்லை.

பின்லாந்துக்காரர்கள் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிக்குச் செய்த ஒரு சின்ன வேலையையும் சொல்லிவிட வேண்டும். அது தண்ணீரால் குளிர்விக்கப்படும் துப்பாக்கி. பனிக்காட்டில் தண்ணீருக்கு எங்கே போவது? தண்ணீர் உறையின் வாயை அகலமாக்கி, கை நிறையப் பனியை அள்ளி உள்ளே போடும்படி செய்துவிட்டார்கள். ஆயுத வரலாற்றில் இதைவிட அழகான திருத்தம் எனக்குத் தெரிந்து இல்லை. சோவியத் யூனியனும் பிறகு அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

மற்ற படைகள் இந்தப் பாடத்தை ரத்தம் சிந்திப் படித்தன. 1941 குளிர்காலத்தில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மானியரின் ஆயுதங்களில் எண்ணெய் உறைந்தது. 1950இல் கொரியாவின் சோசின் நீர்த்தேக்கத்துக் குளிரில் அமெரிக்கர்களின் எம்1 காரபைன்கள் மக்கர் செய்தன. 1999 கார்கிலில் நம் இன்சாஸ் ரைஃபிளின் பிளாஸ்டிக் மேகசின்கள் குளிரில் விரிசல் விட்டதாக எழுந்த புகார்களைப் பத்திரிகை படிப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தானாகத் தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகள் வாயுவின் வேகத்தை நம்பி ஓடுபவை. உறுப்புகள் இறுகினால் அந்த வேகம் போதாது. கையால் இழுக்கும் போல்ட்டில் அந்த வேகத்தைத் தருவது மனிதத் தோள். இறுகினால் இன்னும் கொஞ்சம் பலமாக இழுக்கலாம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், ஆளரவமற்ற வடக்கைக் கண்காணிக்க அங்கே வாழ்பவர்களையே பயன்படுத்துவது என்று கனடா முடிவு செய்தது. 1947இல் ‘கனடியன் ரேஞ்சர்ஸ்’ உருவானது. ஆளுக்கு ஒரு கைப்பட்டை, ஒரு லீ-என்ஃபீல்டு நம்பர் 4, ஆண்டுக்கு 200 தோட்டாக்கள். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்தது இவ்வளவுதான். துப்பாக்கிகள் பெரும்பாலும் ஒன்டாரியோவின் லாங் பிராஞ்ச் ஆலையில் போர்க்காலத்தில் செய்தவை. அந்தத் தோட்டாக்கள் பெரும்பாலும் எதிரியைத் தேடிப் போகவில்லை. கேரிபூ மானுக்கும், கடல்நாய்க்கும், முகாமை மோப்பம் பிடித்துவரும் கரடிக்கும் போயின. ராணுவத் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கியானது இப்படித்தான். பனிவண்டியில் கட்டி இழுத்து, உப்புத்தண்ணீர் தெறித்து, பாறையில் மோதி எழுபது ஆண்டுகள் ஓடின. கடைசியில் அவற்றை மாற்ற வேண்டிவந்ததற்குக் காரணம், துப்பாக்கிகள் சுட மறுத்தது அல்ல. உதிரிப் பாகம் கிடைக்காமல் போனது.

கிரீன்லாந்தின் வடகிழக்கில் நாய்வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படை 1950இல் தொடங்கியது. இருவர் இருவராகப் பிரிந்து மாதக்கணக்கில் மனிதமுகம் பார்க்காமல் போகும் வேலை. பல பத்தாண்டுகளாக அவர்கள் கையில் இருந்தது முதல் உலகப்போருக்காக அமெரிக்காவில் செய்த எம்1917. நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளிலோ, 1945இல் ஜெர்மானியர் விட்டுப்போன மவுசர் 98கே துப்பாக்கிகள், குழல் மாற்றப்பட்டு, பனிக்கரடிக்குப் பாதுகாப்பாக வாடகைக்குவரை வந்தன. ஹிட்லரின் படைக்காகத் தயாரான முத்திரையோடு ஒரு துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாவரவியல் மாணவி பாசி சேகரிக்கப் போவாள். லாங்யர்பீனில் உள்ள பல்கலைக்கழக மையத்தில் படிக்கச் சேர்பவர்களுக்குக் களப்பணிக்கு முன் துப்பாக்கிப் பயிற்சி உண்டு.

மவுசரின் சிறப்பையும் சொல்லியாக வேண்டும். அதன் போல்ட்டைக் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே கழற்றி, ஊசியையும் ஸ்பிரிங்கையும் வெளியே எடுத்து, ஒட்டியிருக்கும் பனியைத் துடைத்து, திரும்ப மாட்டிவிடலாம். தோட்டாவைக் கவ்வ அகலமான எஃகு நகம் ஒன்று உண்டு. மேகசினிலிருந்து தோட்டா கிளம்பும்போதே அது பிடித்துக்கொள்ளும். சுட்ட கூடு உள்ளே சிக்கினால் விடாமல் இழுத்துப்போடும். 1936இல் வந்த அமெரிக்க வின்செஸ்டர் மாடல் 70 வேட்டை ரைஃபிள் அதே நகத்தோடுதான் வந்தது. 1964இல் செலவைக் குறைக்க அந்த நகத்தைக் கம்பெனி எடுத்துவிட்டது. அலாஸ்காவின் வேட்டைக்காரர்கள் அதை மன்னிக்கவில்லை. ‘அறுபத்துநாலுக்கு முந்தியது’ என்பது பழைய துப்பாக்கிச் சந்தையில் விலையை ஏற்றும் வார்த்தையானது. முப்பதாண்டு கழித்து வின்செஸ்டர் நகத்தைத் திரும்பக் கொண்டுவந்தது.

இதையெல்லாம் அடுக்கும்போது பழசெல்லாம் தங்கம் என்ற முடிவுக்கு மனம் தானாக ஓடும். அதை நம்பக் கூடாது. இன்று நாம் காணும் பழைய லீ-என்ஃபீல்டுகள் பிழைத்து நின்றவை. லாங் பிராஞ்ச் ஆலையில் மட்டும் சுமார் 9 லட்சம் செய்தார்கள். குழல் தேய்ந்தவை, கட்டை பிளந்தவை, உருக்கப்பட்டவை நம் கண்ணில் படுவதில்லை. ராஸும் பழசுதான். ஃபிராமில் உறைந்துபோனவையும் அந்தக் காலத்துக் கைவேலைதான். பழைய துப்பாக்கிகளுக்குச் சாதகமாக ஒன்று சொல்லலாம்: அவை சேற்றில் கிடக்கும் என்று தெரிந்து செய்யப்பட்டவை. இன்றைய வேட்டை ரைஃபிள்களில் பல, கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பளிச்சென்று இருக்க வேண்டும், நூறு மீட்டரில் மூன்று குண்டும் ஒரே துளையில் போக வேண்டும் என்று செய்யப்பட்டவை. கேரிபூவின் நெஞ்சு ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரியது. அதற்கு ஒரே துளைத் துல்லியம் தேவையில்லை; சுட்டாக வேண்டும், அவ்வளவுதான்.

துப்பாக்கி நல்லதாக இருந்தும் கை தவறலாம். 2011 ஆகஸ்டில் ஸ்வால்பார்டில் முகாமிட்டிருந்த பிரிட்டிஷ் இளைஞர் குழு ஒன்றின் கூடாரத்துக்குள் பனிக்கரடி புகுந்தது. பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். குழுவிடம் இருந்த பழைய மவுசரிலிருந்து முதலில் குண்டு கிளம்பவில்லை. தோட்டாக்கள் வெடிக்காமலே ஒவ்வொன்றாக வெளியே விழுந்தன. தரையில் கிடந்த ஒன்றைத் தேடியெடுத்துப் போட்டுச் சுட்டபிறகே கரடி விழுந்தது. அது கோடைக்காலம், உறைபனியைக் குற்றம் சொல்ல வழியில்லை. தினமும் கையாளாத ஒருவரிடம், நெருக்கடியான நேரத்தில், எழுபதாண்டு அனுபவம் கொண்ட துப்பாக்கிகூட அந்நியமாகிவிடுகிறது. ரேஞ்சருக்கு அது அப்படி ஆகாததற்குக் காரணம், முந்தின வாரம்தான் அவர் அதை வைத்துக் கறிக்கு வேட்டையாடியிருப்பதுதான்.

ரேஞ்சர்களுக்கான புதிய துப்பாக்கி 2018 முதல் வரத் தொடங்கியது. பெயர் சி19. வடிவமைப்பு பின்லாந்தின் சாக்கோ நிறுவனத்துடையது. தயாரிப்பு ஒன்டாரியோவின் கிச்சனரில் உள்ள கோல்ட் கனடா. 1921இல் பின்லாந்து ஊர்க்காவல் படையின் பட்டறையாகத் தொடங்கிய அதே சாக்கோதான் எம்/28-30 துப்பாக்கிகளைச் செய்தது. ஹய்ஹாவின் துப்பாக்கி பிறந்த பட்டறையிலிருந்தே இனுயிட் வேட்டைக்காரரின் துப்பாக்கிக்கான வடிவமும் வந்தது பொருத்தம்தான். மாதிரிகளை ரேஞ்சர்களிடமே கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். கிடைத்தது என்ன? கையால் இழுக்கும் போல்ட், பத்துத் தோட்டா மேகசின், இரும்புக் குறி, கையுறை விரல் நுழையும் பெரிய வளையம், பனியில் தொலைந்தால் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு நிறக் கட்டை. மைனஸ் 51 டிகிரிவரை வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. இருபத்தோராம் நூற்றாண்டில் ஒரு பணக்கார நாடு எல்லாத் தொழில்நுட்பத்தையும் பரப்பிவைத்துக்கொண்டு தேர்ந்தெடுத்தது, 1895இல் ஒருவர் பார்த்தாலும் உடனே இயக்கத் தெரிந்துகொள்ளும் ஒரு கருவியை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சிக்கல் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சில ஆண்டுகளிலேயே அந்தச் சிவப்புக் கட்டைகளில் விரிசல் காணப்பட்டது. நனைந்தால் சாயம் ஒழுகிக் கையில் ஒட்டுவதாகவும் புகார். இரும்பு குளிரை வென்றது, மரம் ஈரத்திடம் தோற்றது. பட்டறைக் குறைபாடு என்று இதை ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் வடக்கில் இன்று மாறிக்கொண்டிருப்பது எது என்று பார்த்தால் இது தற்செயலாகத் தோன்றவில்லை.

துப்பாக்கிக்கு மைனஸ் நாற்பது அவ்வளவு மோசமான வெப்பநிலை அல்ல. அங்கே காற்று உலர்ந்திருக்கும். பனி மணலாக இருக்கும், ஊதினால் பறந்துவிடும். எண்ணெயைத் துடைத்துவிட்டால் பாதிக் கவலை போயிற்று. மோசமானது பூஜ்யத்தை ஒட்டிய வானிலை. ஈரப்பனி இரும்பில் படிந்து உருகும், விசைச் சந்துக்குள் இறங்கும், மாலையில் உறையும். உலகின் மற்ற பகுதிகளைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறிவரும் ஆர்க்டிக்கில் இந்த வானிலை நாட்கள் பெருகுகின்றன. கடல் பிந்தி உறைகிறது, முந்தி உடைகிறது. குளிர்காலத்தின் நடுவில் பனிமேல் மழை பெய்து கண்ணாடியாக உறைகிறது. கேரிபூ அடியிலுள்ள பாசியை எட்ட முடியாமல் பட்டினி கிடக்கிறது. 2021 ஆகஸ்ட் 14 அன்று, கிரீன்லாந்துப் பனிப்பீடபூமியின் உச்சியில், மூவாயிரம் மீட்டருக்கு மேலான உயரத்தில், பதிவுகள் தொடங்கியபின் முதல்முறையாக மழை பெய்தது.

துப்பாக்கியை வெளியிலேயே விடு என்ற பழைய விதிக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: வெளியே எப்போதும் ஒரே குளிராக இருக்க வேண்டும். மதியம் தூறலும் இரவு உறைபனியுமாக இருந்தால், வீட்டுக்குள் கொண்டுவந்தால் நேரும் அதே வியர்வையும் உறைவும் பனிவண்டியிலேயே நேர்ந்துவிடும். அடுத்த துப்பாக்கிக்கு டெண்டர் எழுதும் அதிகாரிகள் மைனஸ் 51ஐ இன்னும் கீழே இறக்குவதில் பெருமை தேடாமல், ஒரு துப்பாக்கியை நண்பகலில் மழையில் நனைத்து, இரவு முழுக்க உறையவிட்டு, விடியற்காலையில் கையுறையைக் கழற்றாமல் சுடச் சொல்லட்டும். சோதனை அறையில் அல்ல, மே மாதத்துக் கடற்பனி விளிம்பில், கடல்நாய் வேட்டைக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்து.